முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் ருசி உண்டு

கேள்வி: மார்கழியில் காரில் புதுச்சேரிக்குப் போய்ச் சாப்பிட்டுவரத் திட்டம். கடலூர், சிதம்பரம் என்று எதற்கு இறங்கிப் போக வேண்டும்?

பதில்: எல்லையின் ருசி இரண்டு பக்கமும் சாப்பிட்டால்தான் பிடிபடும். புதுச்சேரி–கடலூர் எல்லையான முள்ளோடைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே கடல், ஒரே மீன். மாறியது ஆட்சி. கடலூரின் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியது 1690-இல். இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே பிரெஞ்சு நிர்வாகம் 1954 வரை நீடித்தது. அதனால்தான் அங்கே அடுப்பில் பிரெஞ்சு ரொட்டி வேகிறது. சிதம்பரமோ இரு கொடிகளுக்கும் மூத்த கோயில் மடைப்பள்ளியின் ஊர்: மிளகு மணக்கும் சம்பா சாதம், தோதாகக் கத்தரிக்காய் கொத்சு.

கொத்சு சென்னையிலேயே கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், இட்லிக்குத் துணையாக. ஆனால் திருவாதிரைக் களிக்கு நாள்தான் முக்கியம். ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜர் ஊரில் தின்னும் களிக்கு ஈடில்லை. கூட்டம் நெரியும், உண்மைதான். முதல் நாளே போய்த் தங்குங்கள். மழை ஓய்ந்திருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள்: ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டியது 2011 டிசம்பர் 30-இல். வானிலை அறிக்கையைப் பார்த்து, காலையில் சிதம்பரம், இரவு புதுச்சேரி என்று வடக்கு நோக்கி ஓட்டுங்கள்.