வல்லத்திராக்கோட்டைத் திரைரசனை மரபில் பேயின் கால்: ஓர் ஆய்வு

திரைப்படங்கள் மூவகைப்படும்: கிளாசிக், கல்ட், பேய்ப்படம். புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் வழங்கும் இலக்கணப்படி, பார்க்காமலே புகழப்படுவது கிளாசிக். வந்தபோது யாரும் பார்க்காமல், தியேட்டரை விட்டுப் போன பிறகு எல்லாரும் புகழ்வது கல்ட். பார்த்துவிட்டு, பயப்படவில்லை என்று சாதிப்பது பேய்ப்படம் (வாய்மொழிச் சான்று: டீக்கடை). இம்மூன்றிலும் அடங்காத படங்கள் ஏராளமாக உண்டு. மக்கள் அவற்றை விரும்பிப் பார்ப்பதால் அவை ஆய்வுக்கு உரியவை அல்ல.

இப்பொருளில் முன்னாய்வுகள் இல்லை. இல்லை என்பதையே ஒரு இயலாக விரித்து எழுதுவது பட்ட ஆய்வேடுகளின் மரபு. இங்கே தாள் விலை கருதி ஒரு வரியோடு விடப்படுகிறது.

கிளாசிக் என்னும் முதல் வகை இவ்வட்டாரத்தில் பி.யு. சின்னப்பாவில் தொடங்கிப் பெரும்பாலும் அவரிலேயே முடிகிறது. முதலெழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்த நடிகர் அவர். 1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் அவருக்கு இரட்டை வேடம். 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்து, ஒருவர் பாட மற்றவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள். இரண்டு, ஐந்து என்று ஏறிய இந்த வரிசையைக் கொண்டு ஒரு வளர்ச்சிக் கோட்பாடு வகுக்கலாம் என்று இருக்கும்போது, 1949-ல் 'மங்கையர்க்கரசி' வந்து மூன்று வேடத்தோடு நின்று காரியத்தைக் கெடுத்துவிட்டது. கோட்பாடு முக்கியமா, படம் முக்கியமா என்ற கேள்வி எழும்போது படத்தை ஒதுக்கிவிடுவதே கல்விப்புல நடைமுறை. ஆகவே 'மங்கையர்க்கரசி' இனி இக்கட்டுரையில் வராது.

வெளியூர்க்காரர் யாராவது இரட்டை வேடம் என்று பேச்செடுத்தால், "எங்க ஆளு அதை நாப்பதுலயே பண்ணிட்டாரு" என்பதே இங்கே நிலைபெற்ற விடை (வாய்மொழிச் சான்று: டீக்கடை, வடக்குப் பெஞ்சு). அப்படிச் சொல்பவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததுண்டா என்று கேட்பது ஆய்வு நெறிக்கு மாறானது. தனியே கேட்டபோது கிடைத்த கருத்து, "பாட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பது (வாய்மொழிச் சான்று: அதே பெஞ்சு, மற்றவர்கள் எழுந்து போன பிறகு, தணிந்த குரலில்).

ஜெமினி கணேசனும் புதுக்கோட்டையில் பிறந்தவரே.

எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) கிளாசிக்கா பேய்ப்படமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். அவர் சாவதற்காகவே கடைசி ரீல்வரை காத்திருந்து அழும் வழக்கமுடைய ரசிகருக்கு, கைக்குட்டையை எடுப்பதற்குள் சாவு முடிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய திகில் தமிழில் எடுக்கப்படவில்லை என்பது ஒரு சாரார் துணிபு.

இரண்டாம் வகையான கல்ட் படத்துக்குச் சான்றுகள் 'அன்பே சிவம்' (2003), 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) ஆகியன. இரண்டும் பொங்கலுக்கு வந்தவை. வந்தபோது கரும்பு விற்ற அளவுக்கு டிக்கெட் விற்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்று இவ்விரண்டையும் தியேட்டரிலேயே பார்த்ததாகச் சொல்பவர்களை எல்லாம் கூட்டினால், இரண்டும் வெள்ளிவிழா கொண்டாடியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு பாடச் சிக்கல் உள்ளது. 'அன்பே சிவம்' படத்தை இயக்கியவரும் 'அரண்மனை' (2014) படத்தை இயக்கியவரும் சுந்தர்.சி என்ற ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றனர். நடை, பொருள், பேய்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்புநோக்கும்போது இருவரும் ஒருவராக இருக்க இயலாது. ஔவையார் எத்தனை பேர், நக்கீரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பழகிய தமிழாய்வுலகம் இதை எளிதில் தீர்த்துவிடும்: முதலாம் சுந்தர்.சி, இரண்டாம் சுந்தர்.சி. இருவரும் ஒருவரே என்பதற்கு அவரே உயிரோடு இருந்து சாட்சி சொல்வது ஒன்றே இம்முடிவுக்கு உள்ள தடை. பழம்புலவர்கள் ஆய்வாளருக்கு அந்தத் தொந்தரவைக் கொடுப்பதில்லை.

மூன்றாம் வகை பேய்ப்படம். முதலிரண்டு வகைகளிலும் ரசிகர் பொய் சொல்ல இடமுண்டு, இதில் இல்லை. காரணம், வீடு திரும்பல் சோதனை. புதுக்கோட்டையில் இரண்டாம் ஆட்டம் விட்டுத் தைலமரக் காட்டோரமாக சைக்கிளில் ஊர் திரும்பிய காலத்தில் அந்த சைக்கிளில் டைனமோ லைட் இருந்தது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், மெதுவானால் மங்கும், நின்றால் அணைந்துவிடும். பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று மிதிப்பதை நிறுத்திக் காது கொடுத்தால் முன்னால் இருட்டாகிவிடும். மிதித்தால் டயரில் டைனமோ உராயும் சத்தத்தில் பின்னால் வருவது கேட்காது. பேய்ப்படத்தின் தரத்தை அளக்க இதைவிடச் செம்மையான கருவி திரைப்படக் கல்லூரிகளில் இல்லை. ஊர் வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கினால் நல்ல படம். விசிலடித்துக்கொண்டே வந்தால் மிக நல்ல படம்.

பேய்ப்படத்தின் உட்பிரிவுகளில் தலையாயது பேயில்லாப் பேய்ப்படம். இந்தியில் 1964-ல் வந்த 'வோ கௌன் தி?' தமிழில் 'யார் நீ?' (1966) ஆயிற்று. ஜெயலலிதா வெள்ளைச் சேலையில் வந்து பாடிப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சி என்று முடியும். 'அதே கண்கள்' (1967) படத்திலும் கொலைகாரன் மனிதனே. 'சந்திரமுகி' (2005) படத்திலோ பேய்க்குப் பதில் நோய். மனநல மருத்துவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அது பேய்ப்படம் ஆகாது, ஆஸ்பத்திரிப் படம் என்பது ரசிகர் கோட்பாடு. அந்தப் படத்தில் அவ்வப்போது தலைகாட்டும் பாம்பு எதற்காக வந்தது, எங்கே போயிற்று என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது, நெறியாளர் கிடைக்கவில்லை.

பொம்மைப் பேய்: 'வா அருகில் வா' (1991). பயம் உண்டு. ஆய்வு தேவையில்லை.

இனி இக்கட்டுரையின் மையப் பொருள். பேய்க்குக் கால் இல்லை என்பது நாட்டார் வழக்கு. சந்தேகப்பட்டால் முதலில் காலைப் பார் என்றே பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் தமிழ்த் திரையில் பேய் வருவதற்கு முன் கொலுசுச் சத்தம் வருகிறது. காலே இல்லாத இடத்தில் கொலுசு எதில் மாட்டப்பட்டுள்ளது? வடக்குப் பெஞ்சுக் கொள்கையினர், கொலுசு பேயின் கையில் இருக்கிறது, அது ஆட்டிக்கொண்டே வருகிறது என்பர். தெற்குப் பெஞ்சுக் கொள்கையினர், சத்தம் கொலுசுடையது அன்று, இசையமைப்பாளருடையது என்பர் (வாய்மொழிச் சான்று: சலூன், கத்தரி ஓய்ந்த இடைவெளியில், தகவலாளருக்குப் பாதித் தலை மட்டுமே வெட்டப்பட்டிருந்ததால் எழுந்து போக வழியின்றி முழுமையாகப் பதிவானது).

இவ்விரு கொள்கைகளையும் தகர்ப்பது பி. விட்டலாச்சாரியாவின் 'ஜகன்மோகினி' (1978). தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழுக்கு வந்த இந்தப் படத்தில், பேய் அடுப்பில் உலை வைத்துவிட்டு, விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிக்கிறது. முகத்தில் வலியில்லை, பெருமிதமும் இல்லை. அன்றாட வேலை செய்பவரின் அலுப்பு மட்டுமே. ஆகவே பேய்க்குக் கால் உண்டு என்பது மட்டுமன்றி, அது நன்கு காய்ந்த கால் என்பதும் பெறப்படுகிறது. ஈர விறகாக இருந்தால் புகைந்திருக்கும்.

இக்காட்சிக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டா என்று தேடாமல் ஒரு தமிழ் ஆய்வு நிறைவுபெறாது. உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் புறநானூற்று 26-ஆம் பாட்டில் போர்க்களச் சமையல் வருகிறது: முடியணிந்த தலைகளே அடுப்பு, குருதியே உலைநீர், வளையணிந்த கையே துடுப்பு. அதே அரசன் மீதான மதுரைக்காஞ்சியிலும் இதே சமையல் நடக்கிறது. அங்கே தீயாக மன்னரின் சினம் சொல்லப்படுகிறது. சினத்தால் சோறு வேகாது என்பது வீட்டில் சமைக்கும் எவருக்கும் தெரியும். தலைக்கு வேலை இருக்கிறது, கைக்கு வேலை இருக்கிறது, காலுக்கு இல்லை. விறகு எது என்பதை இரண்டு பாட்டும் சொல்லாமல் விட்டன. பத்துப்பாட்டுக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர், ஓரிடத்துச் சொல்லைப் பல அடி தாண்டிக் கொண்டுபோய் இன்னோரிடத்துச் சொல்லோடு மாட்டிப் பொருள் காண்பதில் வல்லவர். அவருக்கே இந்தக் காலும் அந்த அடுப்பும் எட்டவில்லை. பல நூற்றாண்டு இடைவெளியை 1978-ல் நிரப்பியவர் விட்டலாச்சாரியா. ஓர் அடுப்பு எரிய வேண்டிய எல்லா உறுப்புகளும் அவரால் நிறைவுற்றன.

இதிலிருந்து பெறப்படும் கோட்பாடு இது: ஆதியில் பேய்களுக்குக் கால் இருந்தது, சமையலில் எரிந்துபோயிற்று. அதற்குப் பின் வந்த பேய்கள் மிதப்பது இதனாலேயே. எரியாமல் மிஞ்சிய வெள்ளிக் கொலுசு சாம்பலில் கிடந்து சத்தம் எழுப்புகிறது. பேய்க்குக் காலில்லை என்ற வழக்கு 1978-க்கு முன்பே பாட்டிமார் வாயில் இருந்ததே என்ற தடை எழலாம். அது இடைச்செருகல். (இக்கோட்பாட்டுக்கு மறுப்பு: விறகுக்கடைக்காரர் ஒருவர், எடைமேடையில் நின்றபடி; மறுப்புக்கு மறுப்பு: அவருடைய மச்சான், அதே எடைமேடையில், அவர் இறங்கிய பிறகு; இருவரையும் சமரசம் செய்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது, ஆயினும் குரல் கனமானது; இதன்மேல் எழுந்த நான்காம் விளக்கம் பஸ் வந்துவிட்டதால் ஓடிக்கொண்டே சொல்லப்பட்டு, படிக்கட்டில் கால் வைத்த இடத்தில் முறிகிறது; எஞ்சிய பகுதி ஆலங்குடிப் பக்கம் வழங்கக்கூடும்.)

நீர்ப்பேய்க்குச் சான்று அறிவழகனின் 'ஈரம்' (2009). நேர்த்தியான படம், ஒளிப்பதிவும் அருமை என்பதில் எல்லாரும் உடன்படுகின்றனர். ஆனால் பேய் தண்ணீர் வழியாக வருகிறது என்றால், கண்மாய்கள் வறண்டு கிடக்கும் மாவட்டத்தில் வருடத்தின் பெரும்பகுதிக்குப் பயமில்லை. ஆளில்லாத வீட்டில் குழாய் தானே திறந்து தண்ணீர் கொட்டும் காட்சியில் நகரத்துப் பார்வையாளர் அலறுகிறார். இங்கே குடம் தேடுவார்கள்.

2007 முதல் வந்த பேய்களுக்குத் தனிக் குணம் உண்டு. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டிலும் பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கிறது. பிளாஷ்பேக்கில் ஒரு நிலமும் ஒரு அரசியல்வாதியும் இருக்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் சரியாக இருந்திருந்தால் தாலுகா ஆபீசோடு முடிந்திருக்கும் விஷயம், ராகவா லாரன்ஸ் உடம்பில் இறங்கி ஆட வேண்டியதாயிற்று. இருந்தாலும் 'காஞ்சனா'வில் சரத்குமாரின் திருநங்கை வேடத்தைக் கேலி செய்யப் போனவர்கள் வாயடைத்துத் திரும்பினார்கள் என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். அதற்குப் பின் வந்தவற்றில் மிஷ்கினின் 'பிசாசு' (2014) பேயை நல்லவளாக்கியது. பார்த்தவர்கள் அழுதார்கள், பேய்ப்படத்துக்கு அழுதது தெரிந்தால் மரியாதை போய்விடும் என்பதால் இதற்குச் சான்று தர யாரும் முன்வரவில்லை.

அயல்நாட்டுப் பேய்ப்படங்களில் வில்லியம் ஃப்ரீட்கினின் 'எக்ஸார்சிஸ்ட்' (1973) மட்டும் இங்கே விவாதிக்கத் தக்கது. சிறுமியின் தலை முழுவட்டம் திரும்பும் காட்சி பற்றிப் பேச்சில்லை, அது நன்று. குறை, பேயோட்டும் முறையில் இருக்கிறது. பாதிரியார்கள் இருவர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஓதுகிறார்கள். உன் பெயர் என்ன, எந்த மரத்தில் இருந்தாய், என்ன கேட்கிறாய் என்று பேயிடம் யாரும் ஒழுங்காக விசாரிக்கவில்லை. ஒரு கோடாங்கி உடுக்கையோடு வந்திருந்தால் கோழியா பொங்கலா என்று பேசி முடித்துப் பதினோராவது ரீலுக்குள் அனுப்பியிருப்பார், இரண்டு பாதிரியார்களும் பிழைத்திருப்பார்கள் என்பதில் வடக்குப் பெஞ்சுக்கும் தெற்குப் பெஞ்சுக்கும் வேறுபாடு இல்லை. கோழி யார் செலவு என்பதில் உண்டு.