தோற்றால் கோடி, துடைத்தால் வீதி

வேலை போனாலும் கவலைப்படாத பாக்கியவான்களைப் பார்க்க வேண்டுமா? மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்புக்கு வாருங்கள்.

2023-24 பருவத்தில் அணி லீக்கில் 8ஆம் இடம். எஃப்.ஏ. கோப்பை மட்டும் கைக்கு வந்தது. அந்த மயக்கத்தில் 2024 ஜூலையில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள். அக்டோபரில் அணி 14ஆம் இடத்துக்கு இறங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலிடத்தின் அசைக்க முடியாத நம்பிக்கைக்கு ஆயுள் நான்கு மாதம்கூட இல்லை.

அதே ஜூலையில் விளையாட்டு இயக்குநராக வந்தவர் டான் ஆஷ்வொர்த். நியூகாசில் கிளப்போடு மாதக்கணக்கில் பேரம் பேசி, நஷ்டஈடும் கொடுத்து அழைத்து வந்த மாணிக்கம். டிசம்பரில் மாணிக்கத்தையும் கழற்றிவிட்டார்கள்.

பயிற்சியாளர், அவருடைய குழு, இயக்குநர் என இந்த வழியனுப்பு விழாவுக்குக் கிளப் எழுதிய கணக்கு 1.45 கோடி பவுண்டு. நம் பணத்தில் 150 கோடி ரூபாய்க்கு மேல்.

வாங்கியவர்கள்மேல் குற்றமில்லை. பாக்கிக் காலத்துக்குப் பணம் என்று ஒப்பந்தம் சொல்கிறது, வாங்கினார்கள். ஜூலையில் நீட்டிக்கவும் அக்டோபரில் நீக்கவும் முடிவெடுத்தது ஒரே நிர்வாகம். அந்தக் கனவான்களின் பையிலிருந்து ஒரு பென்னி போயிருக்குமா?

போகாது. அதற்குத்தான் ஊழியர்கள் இருக்கிறார்களே! பங்குதாரர் ஜிம் ராட்கிளிஃப்பின் சிக்கன நிர்வாகத்தில் 2024இல் சுமார் 250 வேலைகள் வெட்டப்பட்டன. 2025 பிப்ரவரியில், இன்னும் 150 முதல் 200 பேர் வரை போகலாம் என்று அறிவிப்பு வந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் மிஞ்சியவர்களுக்கு இலவச மதியச் சாப்பாடும் நிறுத்தப்பட்டது; பழம் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். கோடிகளை வாரி இறைத்த கை, ஊழியரின் சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் பிடித்தது!

கேட்கிறேன்: டிக்கெட் கிழித்தவர் எந்த பெனால்டியைத் தவறவிட்டார்? அலுவலகத்தைத் துடைத்தவர் எந்த ஆட்டக்காரரைத் தப்பான விலைக்கு வாங்கினார்? தவறு செய்ய அதிகாரமே இல்லாதவர்களுக்குத் தண்டனை. தவறு செய்வதையே பதவியாகக் கொண்டவர்களுக்கு மரியாதை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மறுசீரமைப்பு.

சீரமைத்த பலன் என்ன? 2024-25 பருவம் முடியும்போது அணி 15ஆம் இடம். 14ஆம் இடத்துக்குப் பயிற்சியாளர் தலை உருண்டது. 15ஆம் இடத்துக்கு யார் தலை? நிர்வாகிகளே, மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். சமையற்கட்டில் இன்னும் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று பாருங்கள்.