ஓரறை ஈரறையானால்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் அறைகள் குட்டி போடுகின்றன. 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தாலும் வந்தது, கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்களோ நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கி, 'தனி றூம்' கேட்பார்கள். அப்பு முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய 20 அடி அறைக்கு நடுவே பேரன் ஒட்டுப்பலகையை நிறுத்துகிறார்.

பலகை 8 அடியோடு களைத்துவிடும். கூரையோ பனஞ்சலாகையில் மேலே ஏறிக்கொண்டே போகும். ஆக, மறைவு கண்ணுக்கு மட்டும்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கமிருந்து 'நூறு' என்று வாழ்த்து வரும். யன்னல் ஒருவருக்கு, கதவு மற்றவருக்கு. நடு வளையில் தொங்கும் ஃபான் பொதுச்சொத்து. ஆனால் சுவிச் யாருடைய பக்கமோ அவர்தான் வீட்டுக்காரர்.

சீதன வீட்டை இரண்டு மகள்மாருக்குப் பிரிக்கும்போது இன்னும் விசேஷம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென்றார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் அதில் உண்டு. ஃபான் சுவிச் இல்லை. அந்த இடைவெளிக்குள் ஒரு சட்டத்தரணி தாராளமாகக் குடியிருக்கலாம்.