ராக்கெட் காட்டுமா இஸ்ரோ?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அழைத்துப்போனால் ராக்கெட் பறப்பதைப் பார்க்க முடியுமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: ராக்கெட்டுக்குப் பள்ளி விடுமுறையெல்லாம் தெரியாதே அம்மணி! 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 கிளம்புவதைப் பார்க்கக் குடியரசுத் தலைவரே வந்து காத்திருந்தார். புறப்பட இன்னும் 56 நிமிடம் என்றபோது கவுன்ட் டவுனை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து 22ஆம் தேதி, பட்டப்பகல் 2.43க்குத்தான் கிளம்பியது. அவருக்கே அந்தக் கதி!

முதலில் ஏவும் தேதி அறிவிப்பைப் பாருங்கள். பார்வையாளர் மாடத்துக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, அதனால்தான் இடமும் இல்லை. சென்னையிலிருந்து, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்து ஊரான சூலூர்ப்பேட்டைக்கு ரயில் உண்டு.

ராக்கெட் கிளம்பும்போது முதலில் நெருப்புதான் தெரியும். "என்னப்பா, சத்தமே காணோம்?" என்று பிள்ளைகள் கேட்டு முடிப்பதற்குள் நெஞ்சுக்கூடு அதிரும். ஒலி எப்போதும் லேட்! மேகம் கவிந்திருந்தால் அந்த நெருப்பும் சில நொடிக் காட்சிதான்.

குளிர்காலமென்றால் வழியில் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் நிற்கும். அவற்றுக்குக் கவுன்ட் டவுன் கிடையாது. தாராளமாகப் போய் வாருங்கள். திரும்பும் டிக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.