கால் திருப்பு சார்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் சைக்கிள் கூட்டம் எதுவானாலும் சரி, அதில் ஒரு கால் திருப்பு சார் இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். ஏதோ ஒரு கம்பெனியில் பொறுப்பான பதவி. அங்கே அவர் பேச்சைக் கேட்க ஆள் உண்டு, வீட்டில் இல்லை. அதனால் நம் சைக்கிள் பேசுவதை அவர் கேட்க வந்துவிடுகிறார்.

பின்னால் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று பக்கவாட்டில் முளைப்பார். குட்மார்னிங் எல்லாம் கிடையாது.

"தம்பி, உரசுது."

"என்ன சார்?"

"செயின். முன் டீரெய்லர்ல உரசுது. உனக்குக் கேட்கலையா?"

கேட்கிறது. கேட்காத மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். எத்தனையோ பேர் குடும்பத்தையே அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

அவருடைய காதுக்கு மரியாதை செய்துதான் ஆக வேண்டும். இடைவிடாமல் 'ச்ர்ர்ர்' என்றால் செயின் தகட்டைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. பெடல் சுற்றுக்கு ஒரு தடவை 'சரக்' என்றால் முன் பல்சக்கரம் கோணியிருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், மிதிக்கிற வேகத்துக்குச் சட்டமும் கிராங்க்கும் வளைந்துகொடுக்கின்றன. அதற்கு எந்த ஸ்க்ரூவும் பொறுப்பல்ல. இதையெல்லாம் முப்பதடி தூரத்திலிருந்து, பஸ் ஹாரனுக்கு நடுவே, சொல்லிவிடுவார். மார்கழிக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார வேண்டிய காது. கைதான் வேறு பரம்பரை.

முட்டுக்காடு பாலம் தாண்டி டீக்கடை. ஆபரேஷன் அங்கேதான்.

"சீட்டைத் தூக்கிப் பிடி. பெடலைச் சுத்து. ஒரே ஒரு கால் திருப்புதான்."

இதைச் சொன்ன மாத்திரத்தில் சைக்கிளின் சொந்தக்காரன் எடுபிடி ஆகிவிடுகிறான்.

முன் டீரெய்லர் ஒன்றும் பெரிய ராக்கெட் இல்லை. செயினுக்கு இருபுறமும் இரண்டு தகடுகள். ஒயரை இழுத்தால் அவை வெளியே நகர்ந்து செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றும். ஒயரை விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துச் சின்னதில் இறக்கும். எல்லை மீறாமல் இருக்க இரண்டு ஸ்க்ரூ. எல் உள்பக்கத்துக்கு, எச் வெளிப்பக்கத்துக்கு. உரசலைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. முதலில் உயரம்: வெளித்தகட்டுக்கும் பெரிய சக்கரத்தின் பல் நுனிக்கும் நடுவில் 1 முதல் 3 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் சரி. அடுத்தது கோணம்: தகடு பல்சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பிறகு ஒயரைக் கழற்றிவிட்டு, முன்னால் சின்னதிலும் பின்னால் பெரியதிலும் செயினைப் போட்டு, உள்தகடு செயினைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி எல் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அப்புறம் ஒயர். எல்லாம் முடிந்து கடைசியில்தான் எச்.

சார் எச்சில் தொடங்குவார்.

அது எச்தானா என்பதும் சந்தேகம். அந்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில்தான் படிக்க முடியும். அவற்றின் மேல் போன மழைக்காலத்துச் சேறு வேறு. வெள்ளெழுத்துக் கண்ணாடியைச் சார் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். பந்தய வீரர் வேஷத்துக்கு அது பொருந்தாது. ஆகவே அனுபவத்தால் கண்டுபிடிப்பார். கால் திருப்பு. உரசும். இன்னொரு கால் திருப்பு. உரசும், ஆனால் வேறு சுருதியில். "பார்த்தியா, மாறுது!" எதிர்ப்பக்கம் அரைத் திருப்பு. இப்போது செயின் பெரிய சக்கரத்தில் ஏற மறுக்கும். சரி, மற்ற ஸ்க்ரூ. அதுவும் சரிப்படாமல் திரும்ப முதல் ஸ்க்ரூ. செயின் ஏறும், ஏறின வேகத்தில் சக்கரத்தையும் தாண்டி கிராங்க்கின் மேல் போய் விழும். உரசல் சுத்தமாக நின்றுவிடும். கழன்று தொங்கும் செயின் எதில் போய் உரசும்?

இந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு வரலாறு ஊறும். "டூர் டி பிரான்ஸ் 1903ல ஆரம்பிச்சாங்க. 1937 வரைக்கும் டீரெய்லரையே உள்ளே விடலை, தெரியுமா?" தகவல் சரிதான். அதுவரை வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்றினார்கள் என்பார். அதுவும் சரி. ஆரம்ப கால முன் டீரெய்லர்களுக்கு ஒயரே கிடையாது, ஓட்டிக்கொண்டே தொடைக்குப் பக்கத்தில் கையை விட்டு ஒரு தண்டைத் தள்ள வேண்டும் என்பார். அதுவும் சரி. கோவளத்தில் செயின் கழன்று, கையெல்லாம் கிரீஸாக நிற்கிறவனுக்கு இத்தனை சரியான தகவல்கள் ஒரே மூச்சில் தேவைப்படுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல உரசல்களுக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். முன்னாலும் பெரியது, பின்னாலும் பெரியது என்று போட்டு ஓட்டினால் செயின் கோணலாக ஓடி உள்தகட்டில் உரசத்தான் செய்யும். இரண்டிலும் சின்னது என்றால் வெளித்தகட்டில். பின் கியரை இரண்டு தட்டு மாற்றினால் சத்தம் போய்விடும். ரோடு சைக்கிள் பலவற்றில் முன் கியர் லீவரில் அரைத் தட்டு ஒன்று உண்டு. தகட்டை லேசாக நகர்த்தி உரசலை நிறுத்துவதற்கென்றே வைத்தது. சைக்கிளுக்கு லட்ச ரூபாய் கொடுத்தவர்களிலும் அதைத் தொட்டே பார்க்காதவர்கள் உண்டு. சாருக்கு இரண்டும் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். சொன்னால் பத்து விநாடியில் காரியம் முடிந்துவிடும். அப்புறம் அவரை யார் தேடுவார்கள்?

எலக்ட்ரானிக் கியர் பூட்டிய சைக்கிளோடு யாராவது வந்தால் அவர் முகம் சுருங்கிப்போகும். ஷிமானோ 2009இல் கொண்டுவந்தது. பின் கியர் மாற மாற முன் தகடு தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். யாருக்கும் ஜலதோஷம்கூட வராத தெருவில் கிளினிக் திறந்த டாக்டர் மாதிரி அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வருவார். கடைசியில், "பாட்டரி தீர்ந்துட்டா என்ன பண்ணுவ?" என்று சபித்துவிட்டு நகர்வார்.

அவருடைய சொந்தச் சைக்கிளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம். டீரெய்லரே கிடையாது. 2012இல் ஸ்ராம் கம்பெனி மலைச் சைக்கிள்களுக்காக இப்படி ஒற்றைச் சக்கர செட் ஒன்றை விற்பனைக்கு விட்டது. பிறகு அந்த வழக்கம் சமவெளிக்கும் இறங்கிவிட்டது. கேட்டால், "எடை குறையுது" என்பார். அவருடைய டீரெய்லரை அவரே கால் கால் திருப்பாகத் திருகித் தீர்த்துக் கட்டினார் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். வேலையில்லாத ஸ்க்ரூடிரைவர் ஊராருடைய சைக்கிளைத் தேடி வருவதில் என்ன ஆச்சரியம்?

திங்கட்கிழமை பேட்டை மெக்கானிக்கிடம் போய் நின்றால், அவர் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "யாரு கை வெச்சது?" ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருப்பதே சாட்சி. கோளாறு பெரும்பாலும் ஒயரில் இருக்கும். புது ஒயர் போட்டுச் சில வாரம் ஓட்டினால் அதன் உறை முனைகளில் அமுங்கி, ஒயர் தொய்யும். கடற்காற்றின் உப்பு தன் பங்குக்குத் துருவைச் சேர்க்கும். அவர் ஆலன் கீயால் பிடிப்பைத் தளர்த்தி, தொய்வை இழுத்து, முடுக்கிவிடுவார். சாரின் கைங்கரியத்தைத் திருத்தத்தான் நேரம் பிடிக்கும். கூலியும் அதற்குத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது. இருட்டில் டயர் பஞ்சரானால் கூட்டம் மாமல்லபுரம் இட்லியை நினைத்துக்கொண்டு பறந்துவிடும். நின்று, டார்ச் பிடித்து, தன் பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுப்பவர் சார் ஒருவர்தான். பஞ்சர் ஒட்டுவதில் அவர் கை தங்கம். அதில் திருப்ப ஸ்க்ரூ ஏதும் இல்லை.

ஆகவே அவரைக் கண்டு ஓடாதீர்கள். பஞ்சருக்குக் கூப்பிடுங்கள். "உரசுது" என்று அவர் பக்கத்தில் வந்ததும் பின் கியரை இரண்டு தட்டு மாற்றிவிட்டு, "நீங்க சொன்னது சரிதான் சார், இப்ப நின்னுடுச்சு" என்று சொல்லுங்கள். டீக்கடையில் அவருக்கு ஒரு கையில் டீயும் மறு கையில் வடையும் கொடுத்துவிடுங்கள்.