டீசலா, பெற்றோலா?

கே: காக்கா, கார் ஒன்று எடுக்கப் போறன். டீசலா, பெற்றோலா? (மருதமுனை)

ப: எங்கே ஓடப் போறீங்க தம்பி? கல்முனை பஸாருக்கும் சாய்ந்தமருதுக் கல்யாண வீட்டுக்கும் என்றால் பெற்றோல். வாரம் இரண்டு தரம் கொழும்புக்கு ஆள் ஏற்றுவதென்றால் டீசல். வாசலில் நிறுத்தி அயலுக்குக் காட்ட மட்டும் என்றால் எஞ்சினே தேவையில்லை.

கே: டீசல் எஞ்சின் மட்டும் ஏன் கடகடவென்று கத்துகிறது? (நிந்தவூர்)

ப: பெற்றோல் எஞ்சினில் காற்றும் எண்ணெயும் கலந்திருக்க, பிளக் பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசலுக்கு அந்தப் பொறி இல்லை. காற்றை மட்டும் இழுத்து, 15 முதல் 20 மடங்கு வரை நெரித்து, அது 500 பாகைக்கு மேல் சூடேறியதும் நோசில் எண்ணெயைப் பீய்ச்சுகிறது. தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த அடிதான் உங்கள் காதில் விழுவது. அடியைத் தாங்க இரும்பு தடிப்பாக வேண்டும். விலையும் அதனால்தான் தடிப்பு. ஆனால் நெரிப்பதில் லாபமும் உண்டு. 1897இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க்கில் ருடோல்ப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிந்த எண்ணெயின் சூட்டில் கால்வாசிக்கு மேல் வேலையாக்கியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களுக்கு அது கனவு. வயலில் உழவு மெஷினும் கடலில் பெரிய படகும் இன்றுவரை டீசலை விடாததற்குக் காரணம் இதுதான்.

கே: டீசல் எஞ்சின் தேங்காய் எண்ணெயில் ஓடுமாமே? (சம்மாந்துறை)

ப: 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒன்று கச்சான் எண்ணெயில் ஓடியது. உங்கள் காரின் நோசில் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் அது சட்டிக்கே போகட்டும்.

கே: எப்படிப் பார்த்தாலும் டீசல் மலிவுதானே? (அக்கரைப்பற்று)

ப: 2022 ஒக்டோபரை மறந்துவிட்டீர்களா? 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 370 ரூபாய், ஓட்டோ டீசல் 415! விலைப்பலகையை நம்பி எஞ்சின் எடுக்காதீர்கள். லீற்றருக்கு டீசல் கூட ஓடும், அது உண்மை. ஆனால் பம்பும் நோசிலும் பழுதானால், மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே நாளில் கராஜுக்குப் போய்விடும். மாதம் முழுக்க ஊருக்குள்ளேயே ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கு கட்டாது.

கே: செட்டில் டீசல் காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டார்கள். என்ன செய்ய? (காரைதீவு)

ப: சாவியைத் தொடாதீர்கள். தள்ளிக்கொண்டு போய் டாங்கியைக் காலியாக்குங்கள். பம்புக்கு வழுக்கல் கொடுப்பதே டீசல்தான். பெற்றோல் போனால் இரும்பும் இரும்பும் உரசும். சண்டையைப் பிறகு பிடிக்கலாம்.

கே: வாப்பாவின் பழைய டீசல் வேனை விற்கவா, வைத்திருக்கவா? (நற்பிட்டிமுனை)

ப: புகையைப் பாருங்கள். கறுப்பென்றால் எயார் ஃபில்டரையும் நோசிலையும் காட்டினால் பெரும்பாலும் சரிவரும், வைத்திருங்கள். நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். விற்பதானால் அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். வாங்கப் போகிறவரும் அடுத்த ஜும்ஆவில் உங்கள் பக்கத்து வரிசையில்தான் நிற்பார்.