இரண்டு முக்காற்புள்ளிக்கு ஒரு மனு

பெறுநர்: ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு விதி வகுக்கும் டிசி39 குழுவினர், எக்மா இன்டர்நேஷனல், ஜெனீவா.
பொருள்: அரேயில் ஒன்று விட்டு ஒன்று எடுக்க வழி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பக்கத்து வீடான பைத்தானில் [::2] என்று எழுதினால் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என வரிசையாக வந்து நிற்கும். 2003-ல் வெளியான 2.3 பதிப்பிலிருந்தே அங்கே லிஸ்டுகளுக்கு இந்தச் சலுகை உண்டு. அதற்கும் மூத்த ஃபோர்ட்ரான் 90-லும் உண்டு.

தங்கள் 'ஸ்லைஸ்' எங்கே தொடங்க, எங்கே முடிக்க என்று மட்டும் கேட்கும். எத்தனை விட்டுத் தாவ என்று கேட்காது. ஆகவே 'ஃபில்டர்' போடுகிறோம். எல்லா உறுப்பையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இண்டெக்ஸை இரண்டால் வகுத்து, மீதி பூஜ்யமா என்று பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த ஃபங்ஷனுக்குள் முதலில் வருவது உறுப்பு, அடுத்துத்தான் இண்டெக்ஸ். நமக்கு வேண்டியதோ இண்டெக்ஸ் மட்டும். அதனால் உறுப்புக்கு ஒரு பெயர்கூட வைக்காமல் அடிக்கோடு ஒன்றை இழுத்துவிட்டு மேலே போகிறோம். தேர்வுக்கு வந்தவரின் முகத்தையே பார்க்காத நேர்முகத் தேர்வு!

ஃபார் லூப்பில் இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். போகலாம். கோட் ரிவ்யூவில் "இன்னுமா ஃபார் லூப்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு யார் பதில் சொல்வது? (என்பிஎம்மில் ஒற்றை எண்ணா என்று பார்க்க ஒரு பேக்கேஜ், இரட்டை எண்ணா என்று பார்க்க இன்னொன்று. பின்னது முன்னதைக் கேட்டு, வந்த பதிலைத் தலைகீழாக்கிச் சொல்கிறது. நாட்டு நிலவரம் இது.)

ஸ்லைஸுக்குச் சுருக்கக் குறி தரும் முன்மொழிவு ஒன்று தங்களிடம் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதிலும் தாவலுக்கு இடமில்லை. காரணம், இரண்டு முக்காற்புள்ளி ஒட்டி வந்தால் பைண்ட் ஆபரேட்டரோடு குழம்புமாம். அந்த ஆபரேட்டர் மொழியில் எங்கே என்று தேடினால், இல்லை. அதுவும் முன்மொழிவுதான், பூஜ்யம் படியில். பஸ்ஸில் ஏறாத ஆள் ஜன்னல் வழியே துண்டு போட்டிருக்கிறார், நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறோம்.

பழைய தளங்கள் உடையக் கூடாது என்ற கவலை நியாயமானது. மூட்டூல்ஸ் என்ற பழைய லைப்ரரிக்காக 'ஃபிளாட்டன்' வெறும் 'ஃபிளாட்' ஆனபோது ஏற்றுக்கொண்டோம். கடைசி உறுப்பை மைனஸ் ஒன்று என்று கேட்டு வாங்க 2022 வரை காத்திருந்தோம். ஆனால் ஏறாத பயணிக்காகவும் காத்திருக்க வேண்டுமா?

குறி தர மனமில்லை என்றால் ஸ்லைஸுக்கு மூன்றாவதாக ஓர் ஆர்கியுமெண்ட் கொடுத்தாலும் போதும். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே '2.7' என்று ஒரு படியையே 2023-ல் கட்டிய சபை தங்களுடையது. முழுசாக இரண்டு தாவுவது தங்களுக்குப் பெரிய காரியமா?

இப்படிக்கு,
மீதி பூஜ்யமா என்று பார்த்தே காலம் தள்ளும் ஒருவன்